பெருமுக்கல் கற்குவியலும் ஒரு மல்லாட்டைக் கொல்லையும்

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் கைடு பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். செஞ்சிக் கோட்டைக்கு எந்தப் பக்கமாக ஏறினால் நிழல், மேல்சித்தாமூர் சமண மடத்துக்குள் எந்த நேரத்தில் விடுவார்கள், வெயிலில் மயங்கிய விருந்தாளிக்கு என்ன கொடுப்பது என்பதையெல்லாம் உங்கள் கையிலிருக்கும் போனே சொல்லிவிடும். அதற்கு நான் வேண்டியதில்லை. நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி எழுதுகிறேன். அதைப் போன் சொல்லாது.

நான் திண்டிவனத்துக்காரன். மாதா கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவன். பாண்டிச்சேரியில் ஓர் ஓட்டலில் ஐந்து வருஷம் தட்டு தூக்கியதில் பிரெஞ்சு நாக்கில் ஒட்டிக்கொண்டது. 1993-ல் கைடு ஆனேன். பொம்மையார்பாளையத்துக் கடற்கரை விடுதிகளில் தங்குகிறவர்களைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போவேன். என் பிரெஞ்சைக் கேட்டுப் பாரிஸ்காரி ஒருத்தியே அசந்துபோனாள். தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன மிச்சம்?

என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் ஒரு சீனியர் கைடு. பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். நல்ல மனிதர். முதல் நாளே என் தோளில் கை போட்டுச் சொன்னார்:

“இத பாரு, இன்னா வேணா சொல்லு. தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாத. கைடு வாயில அந்த வார்த்தை வந்துச்சுன்னா வந்தவன் அடுத்த நாளு வேற ஆளைப் பார்த்துக்கினு போயிடுவான்.”

நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பதின்மூன்று வருஷம் அந்த வார்த்தை என் வாயில் வரவே இல்லை.

பெருமுக்கல் மலை உங்களுக்குத் தெரியும். மேலே ஈஸ்வரன் கோயில், சுனை, இடிந்துபோன கோட்டைச் சுவர். அந்தச் சுவரை ஒட்டி, வடக்கே பார்த்து, ஒரு கற்குவியல் கிடக்கும். யார் குவித்தார்கள், எதற்குக் குவித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் இந்த மலைக்காக அடித்துக்கொண்டார்கள் அல்லவா? அதனால் பிரெஞ்சு விருந்தாளி வந்தால் அது பிரெஞ்சு அதிகாரியின் சமாதி. இங்கிலீஷ்காரர் வந்தால் அதுவே இங்கிலீஷ் கேப்டனின் சமாதி. பாவம் அந்தக் கற்கள், வாரத்துக்கு ஒரு தரம் நாடு மாறிக்கொண்டிருந்தன. ஒரு பிரெஞ்சுக் கிழவர் அதன் முன்னால் விறைப்பாக நின்று சல்யூட்கூட அடித்தார். நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வெட்கமில்லாதவன்.

2006 மாசியில் விடுதியிலிருந்து போன் வந்தது. பேசியது ஒரு பெண். ரெயூனியோன் என்று இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் தீவு உண்டு, அங்கிருந்து வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள். கூடவே எண்பது தாண்டிய அப்பா. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட வம்சம்.

அவள் சொன்ன கதை இது. அவர்கள் வம்சத்தில் முதன்முதலாகத் தீவுக்கு வந்தவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். தீவிலிருந்து அவர்களைக் கப்பலேற்றிப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுவந்து, பிரெஞ்சுப் படையில் சிப்பாய்களாக நிறுத்தினார்கள். தம்பி திரும்பிப் போனார். அண்ணன் போகவில்லை. ‘அண்ணன் ஒரு மலையில் நின்றுவிட்டார்’ என்று அந்தக் குடும்பத்தில் அப்பன் பிள்ளைக்குச் சொல்ல, பிள்ளை அவன் பிள்ளைக்குச் சொல்ல, இவள் காதுவரை வந்திருக்கிறது. பழைய காகிதங்களைக் கிளறியதில் அந்தப் படை நின்ற இடங்களில் பெருமுக்கல் பெயரும் இருந்ததாம்.

“பாண்டிச்சேரியில் ஒரு நாள் முழுக்க நடந்தோம். கவர்னர்களைப் பற்றிச் சொன்னார்கள். ஜன்னலைப் பற்றிக்கூடச் சொன்னார்கள். எங்கள் ஆட்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மலையில் எங்களவர்கள் அடையாளம் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

“இருக்கிறது மேடம். மலைமேல் ஒரு கறுப்புச் சிப்பாயின் சமாதியே இருக்கிறது.”

அவள் போனை வைக்காமலே அப்பாவிடம் சொல்வது கேட்டது. கிழவர் என்னவோ கேட்டார், அவள் மறுபடி சொன்னாள். எனக்கு லேசாக ஒரு உறுத்தல் வந்தது. வழக்கம்போல அதைத் தட்டிவிட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் ஏற ஆரம்பித்தோம். பெரியவர் பெயர் லூயி. நெடுநெடுவென்று உயரம், நல்ல கறுப்பு, பஞ்சாக நரைத்த சுருட்டை முடி. வேட்டி கட்டிவிட்டால் நம் பக்கத்து ஆள் என்று சொல்லலாம், முடி மட்டும் வேறு. வழியெல்லாம் நான் படித்துவைத்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பீரங்கி இழுக்க, பள்ளம் தோண்ட, முன்வரிசையில் நின்று சாக, இந்தக் கறுப்புச் சிப்பாய்களைத்தான் நிறுத்தினார்கள் என்றேன். அதெல்லாம் பொய்யில்லை. அவர் ஒவ்வொரு படியிலும் குனிந்து உள்ளங்கையைப் பாறையில் வைத்து எடுத்துவிட்டுத்தான் காலை வைத்தார். ‘முட்டி வலிக்கிறதா?’ என்று கேட்டேன்.

“இல்லை. அவர் பாதம் பட்டிருக்கும்,” என்றார்.

எத்தனையோ பேரை அந்த மலைக்கு ஏற்றியிருக்கிறேன். படம் எடுக்க வந்தவர்கள், காற்று வாங்க வந்தவர்கள், எனக்காகக் கஷ்டப்பட்டு ஆச்சரியப்பட்டவர்கள். இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததே இல்லை. மலையை நான் அவருக்குக் காட்டவில்லை. அவர்தான் எனக்குக் காட்டிக்கொண்டு வந்தார். இருநூறு முந்நூறு தரம் ஏறிய படிகளை அன்றைக்குத்தான் நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

உச்சிக்குப் போனோம். கற்குவியலைக் காட்டினேன்.

பெரியவர் செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். நான்கு மூலையும் முடிந்து, உள்ளே ஒரு பிடி மண். தீவில் அவர் அப்பா புதைக்கப்பட்ட இடத்து மண். தம்பியின் வம்சத்து மண்ணை அண்ணன் தலைமாட்டில் போட வந்திருக்கிறார். அதற்காகத்தான் அந்த வயதில் கடல் தாண்டி வந்திருக்கிறார். முழங்கால் போட்டு உட்கார்ந்து, அவர்கள் வீட்டுப் பேச்சில் என்னவோ சொல்ல ஆரம்பித்தார்.

பிள்ளைகளே, சும்மா இருந்திருக்கலாம். இரண்டு நிமிஷம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருந்தால் எல்லோரும் சந்தோஷமாக இறங்கியிருப்போம். என் சீனியர் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார். ஆனால் அந்த மண் விரல் இடுக்கில் இறங்கப்போகிற நேரத்தில் என்னால் முடியவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

“ஐயா, போடாதீர்கள். இது சமாதி இல்லை. இது என்னவென்று எனக்குத் தெரியாது. நான் சும்மா சொன்னேன்.”

தெரியாது! பதின்மூன்று வருஷம் கழித்து வந்த வார்த்தை. சொல்லும்போது வலித்தது.

மகள் எழுந்து நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“எங்களவர்களுக்கு எசமான்கள் பொய்யாக ஒரு பெயர் வைத்தார்கள். பொய்யாக ஒரு ஊரை எழுதினார்கள். பொய்யாக வயது போட்டார்கள். நீங்கள் பொய்யாக ஒரு கல்லறை கட்டிவிட்டீர்கள்,” என்றாள்.

பெரியவர் கைக்குட்டையின் நான்கு மூலையையும் பழையபடி முடிந்தார். அதற்கு வெகுநேரம் பிடித்தது. முடிந்தபின் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

“சொல்லாமலே இருந்திருந்தால் நான் நிம்மதியாகப் போயிருப்பேனே. ஏன் சொன்னீர்கள்?”

“மண்ணைப் பார்த்தேன் ஐயா,” என்றேன்.

இறங்கினோம். அடிவாரத்துக்கு வந்ததும் பெரியவருக்குக் கால் ஓய்ந்துவிட்டது. கார் அந்தப் பக்கம் நின்றது. குறுக்கே போனால் ஒரு மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போட்ட நிலம், அதன் ஓரத்தில் வேப்ப மரம், பம்புசெட். நிழலில் உட்காரவைத்தேன். கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். நாற்பது வயது இருக்கும். பெயர் தனலட்சுமி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நிலத்துக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

சொம்பை நீட்டியவள் பெரியவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றி முகம் துடைத்தார். அந்த முடியைப் பார்த்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“சார், இவுரு எந்த ஊரு?”

“ரொம்ப தூரம்மா. கடலுக்கு அந்தாண்ட. ஆப்பிரிக்கா வம்சம்.”

“இங்க எதுக்கு வந்துக்கிறாரு?”

எரிச்சலில் இருந்தேன். இருந்தாலும் சொன்னேன், இவருடைய பாட்டன் பூட்டன் காலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரில் அண்ணன் இந்தக் கோட்டையில் சிப்பாயாக இருந்தார், ஊர் திரும்பவில்லை, தம்பி வழியில் வந்த இவர் அவரைத் தேடி வந்திருக்கிறார் என்று.

அவள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“எங்க மாமனாரு சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு சார். சிப்பாய்சாமியோட ஆளுங்க என்னைக்காவது ஒரு நாளு தேடிக்கினு வருவாங்க, வந்தா காட்டணும்னு. எழுந்து வரச் சொல்லுங்க, சார். இதோ, இங்கதான்.”

வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம், வரப்பை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. அந்தக் கல்லைத் தாண்டித்தான் பதின்மூன்று வருஷமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். யாராவது கேட்டால் எல்லைக் கல் என்று சொல்லுவேன். அதுதான் அவர்கள் குடும்பம் கும்பிடும் சிப்பாய்சாமி.

“மேல சண்டை நடந்தப்ப காலுல அடிபட்டு ஒருத்தரு இறங்கி வந்தாராம்,” என்று அவள் சொல்லச் சொல்ல, நான் பிரெஞ்சில் சொன்னேன். “கறுகறுன்னு, சுருட்டை முடியாம். எங்க வூட்டுப் பெரியவங்க வைக்கப்போருல மறைச்சி வெச்சாங்களாம். பேச்சு ஒண்ணும் புரியல. சோறு குடுத்தா வேணாம்னு தலைய ஆட்டினாராம். அப்பறம் வூட்டுல இருந்த கேப்பைக் கூழைக் குடுத்துக்கிறாங்க. அதைப் பார்த்துட்டு அந்த மனுசன் தேம்பித் தேம்பி அழுதாராம் சார். ஏன் அழுதாருன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அழுதுக்கினே குடிச்சாராம். மூணாம் நாளு உயிரு போயிடுச்சி. இங்கியே பொதைச்சாங்க. வருசா வருசம் மொதக் கொடி புடுங்கறப்ப அவருக்குத்தான் மொதப் பிடி. இலை போட்டுக் கேப்பைக் கூழு ஊத்துவோம், ஒரு சுருட்டு வெப்போம். அவருக்குன்னு படைக்க யாரு இருக்காங்க, நம்மள வுட்டா?”

கூழைப் பார்த்து அழுதார் என்ற இடத்தை நான் மொழிபெயர்த்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மலை உச்சியில் பேசியபின் என் முகத்தையே பார்க்காதவள்.

“அது என்ன தானியம்? எனக்குக் காட்டச் சொல்லுங்கள்.”

தனலட்சுமி மரத்தடியிலிருந்த தூக்குச் சட்டியைத் திறந்து, மதியத்துக்கு வைத்திருந்த கேப்பைக் களியை, கேழ்வரகுக் களியைத்தான், காட்டினாள். அது போதவில்லை. ஓட்டமாக வீட்டுக்குப் போய் ஒரு பிடி கேப்பை அள்ளிக்கொண்டு வந்தாள். மகள் அதை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

“இது ஆப்பிரிக்காவில் பிறந்த தானியம். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்து இங்கே வந்தது. அங்கே இன்னும் இதைக் கூழாகக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். அவர் அழுததில் ஆச்சரியம் இல்லை. அது அவர் அம்மா கொடுத்த கூழ்.”

நான் தமிழில் சொன்னேன். தனலட்சுமி வாயில் கை வைத்தாள்.

“கேப்பையா? எங்க கேப்பையா சார்?”

“ஆமாம்மா.”

“அடக் கடவுளே!” என்றவள் அந்தக் கல்லைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள், மறுபடி கல்லைப் பார்த்தாள். “அதான் அழுதுக்கிறாரு.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய்விட்டது. நான் கதை கட்டியே பிழைத்தவன். கட்டின கதை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் கேப்டன் இருப்பான், வாள் இருக்கும், வீரம் இருக்கும். காரணமே தெரியாமல் ஒரு மனிதன் கூழைப் பார்த்து அழுத சங்கதியை யாரும் கட்ட மாட்டார்கள். காரணம் தெரியாமலே ஒரு குடும்பம் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. காரணம் தெரிந்த பெண் கடல் தாண்டி வந்து அதே கொல்லையில் நிற்கிறாள். நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பொய்யன். என் ஆயுசில் அப்படி ஒரு மத்தியானத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். மனம் இளகி நிற்கிற நேரத்தில்தான் பொய் நைசாக உள்ளே நுழையும். ‘இவர்தான் உங்கள் அண்ணன்’ என்று சொல்ல என் நாக்கு துடித்தது. காலையில் செய்த தப்புக்குப் பரிகாரமாக இருக்கும் என்று ஒரு சபலம். கடித்துக்கொண்டு சொன்னேன்:

“ஐயா, இவர் உங்கள் ஆளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தப் படையில் எத்தனையோ பேர் இருந்தார்கள். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.”

இரண்டாவது முறை அந்த வார்த்தை அவ்வளவு வலிக்கவில்லை.

பெரியவர் கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“எங்களுக்கு ஓர் ஆள் இருந்தார், கல்லறை இல்லை. இவருக்குக் கல்லறை இருக்கிறது, ஆள் இல்லை. இதற்குமேல் எனக்கு என்ன தெரிய வேண்டும்?” என்றார்.

கைக்குட்டையை மறுபடி அவிழ்த்தார். இந்த முறை நான் கையைப் பிடிக்கவில்லை. மண்ணைக் கல்லின் அடியில் போட்டு, உள்ளங்கையால் அழுத்தினார். அவர் வீட்டுப் பேச்சில் அவர் சொன்னது ஒன்றும் எனக்குப் புரியவில்லை. மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. தனலட்சுமி அப்போதுதான் பிடுங்கிய ஒரு கொடியை மண்ணை உதறிக் கல்லின்மேல் வைத்தாள்.

“அவுரு பேரு இன்னான்னு கேளுங்க சார். இத்தினி வருசமா பேரு தெரியாமலே கும்புட்டுக்கினு இருக்கறோம்.”

கேட்டேன். பெரியவர் தலையை ஆட்டினார். அண்ணன் பெயரும் தெரியாது, தம்பியின் பெயரும் தெரியாது. தீவுக் காகிதங்களில் இருப்பது எசமான் வைத்த பெயர்தானாம்.

“சரி, அப்ப இவுரு பேரு?”

“லூயி.”

“லூயி,” என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கிளம்பும்போது நான் அவளைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “ஏம்மா, இத்தினி வருஷமா நான் இப்படித்தான போய்க்கினு வந்துக்கினு இருக்கேன். ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

“நல்லா கேட்டீங்க போங்க. ஒவ்வொரு தடவையும் வெள்ளக்காரங்களைக் கூட்டிக்கினு ஜல்தி ஜல்தின்னு ஓடுவீங்க. வாய மூடாம பேசிக்கினே போவீங்க. நீங்க எங்க கேட்டீங்க?”

அதற்குமேல் எனக்கு ஒரு வாத்தியார் தேவைப்படவில்லை. அதன்பின் கற்குவியலைப் பற்றி யார் கேட்டாலும் தெரியாது என்றேன். என் சீனியர் பயமுறுத்தியதுபோல ஒருவரும் ஓடிப்போகவில்லை. பலபேர் அதன்பிறகுதான் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். வழியில் கொல்லையில் ஆள் தெரிந்தால் நின்று, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் ஏறுவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். எல்லோரிடமும் கதை இருக்காது. மழை வரவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அதையும் கேளுங்கள்.

ஐந்து வருஷம் கழித்து மகளிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார், அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருந்தாள். போனில் சொல்கிற விஷயமா அது? பஸ் பிடித்துப் போனேன். தற்செயலாக அன்றைக்குத்தான் அவர்கள் கொல்லையில் மல்லாட்டை பிடுங்க ஆரம்பித்திருந்தார்கள். கல்லைக் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு வாழை இலை.

தனலட்சுமியிடம் சொன்னேன். அவள் வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் இன்னொரு இலை இருந்தது. முதல் இலைக்குப் பக்கத்திலேயே, தோளோடு தோளாக விரித்தாள். இரண்டிலும் கூழ் ஊற்றினாள்.

“அண்ணனும் தம்பியும் சேர்ந்து சாப்புடட்டும் சார்,” என்றாள்.